அம்மாப் பட்டை

"உங்க பிள்ளை அழுதா நீங்க என்ன சொல்லுவீங்க?"

கேள்வி இவ்வளவுதான். இதற்கே எங்கள் ஊர்த் தாய்மார்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவர்கள் மாதிரி முழித்தார்கள். கரூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் கணினி அறை. ஒவ்வொருவராக வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். போட்டோ எடுக்கப்போவதாக நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், தொண்டையைக் கனைத்தார்கள். கடைசியில் ஏறக்குறைய எல்லோர் வாயிலிருந்தும் வந்தது ஒரே வார்த்தைதான்.

"ஒண்ணுமில்ல சாமி."

ஒருத்தி மட்டும், "வாயை மூடு, அப்பன் காதுல உளுந்தா தோலை உரிச்சுப்போடுவாரு" என்றாள். உண்மையைச் சொன்ன அந்த ஒருத்தியைத்தான் மறுபடி பேசச் சொன்னார்கள்.

பதிவுக்குப் பொறுப்பாகச் சென்னையிலிருந்து வந்திருந்தவர் ஜெபராஜ், தொழில்நுட்ப அலுவலர். அவருக்கு உதவியாக உயர்நிலைப் பள்ளியிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். என் பெயர் வேதநாயகி, பிள்ளைகளுக்கு வேதா மிஸ். அறிவியல் ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள்.

"எல்லா ஊர்லயும் இதேதான் மேடம்" என்றார் ஜெபராஜ் சந்தோஷமாக. "பிள்ளை விழுந்தாலும் ஒண்ணுமில்ல, பூச்சி கடிச்சாலும் ஒண்ணுமில்ல. எங்க வேலை சுலபமாயிடுச்சு."

"முட்டி பேந்து ரத்தம் ஊத்தறப்பவும் அதையேதானுங்க சொல்லுவோம்."

"சொன்னதும் அழுகை நிக்குதில்ல? எங்களுக்கு அதுதான் வேணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தளிர்த் தேர்வு வந்த நாளிலிருந்து அதற்கு அறைக் கண்காணிப்பாளராகப் போய்க்கொண்டிருப்பவள் நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் நடக்கும் தேர்வு. தேறினால் உறைவிடப் பள்ளி. கல்லூரி முடியும்வரை எல்லாம் அரசு செலவு. தவறினால் தவறியதுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பத்து வயதுப் பிள்ளை தலையில் இதைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும்? வினாத்தாளின் மூலையைக் கிழித்துத் தின்ற பையனைப் பார்த்திருக்கிறேன். பெஞ்சிலேயே நனைத்துவிட்டு எழுந்திருக்க வெட்கப்பட்டு, மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். விடைத்தாள் முழுக்கத் தன் பெயரையே எழுதிக் கொடுத்த பிள்ளையும் உண்டு. தேர்வை எளிதாக்கச் சொல்லி மேலே எழுதிப் பார்த்தோம். தேர்வு அப்படியே இருந்தது, பட்டை வந்தது.

அரசு வைத்த பெயர் 'அமைதித் துணை'. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பட்டை. பிள்ளைகள் அதற்கு அம்மாப் பட்டை என்று பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரே நின்றுவிட்டது.

"பயம்னா என்ன மேடம்?" என்று எனக்கே பாடம் எடுத்தார் ஜெபராஜ். "நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும். பட்டை இந்த மூணையும் பார்த்துக்கிட்டே இருக்கும். ஏறுச்சுன்னா, காதுக்குப் பின்னால ஓடற நரம்பை மெதுவா தட்டும். படபடப்பு அடங்கிடும்."

"அப்ப குரல் எதுக்குங்க?"

"நரம்பைத் தட்டினா உடம்பு அடங்கும். ஆனா மூளை நம்பணுமே? அம்மா சொன்னா நம்பும். அம்மா குரல் இல்லாம வெறும் தட்டு மட்டும் வெச்சுப் பார்த்தோம். பாதி பிள்ளைங்களுக்கு வேலையே செய்யல."

பயம் அடங்கியதும் பிள்ளை தூங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக இன்னொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டார்கள். "எழுது சாமி."

வந்தவர்களில் மகுடேஸ்வரியை எனக்கு நினைவு இருப்பதற்குக் காரணம், அவள் சிரித்துக்கொண்டே பேசியதுதான். படுக்கை விரிப்பு தைக்கும் கம்பெனியில் டெய்லர். சேலை முழுக்க நூல் பிசிறு. மகள் தன்ஷிகாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மைக்கைப் பார்க்காமல் மகளைப் பார்த்தே சொன்னாள். "ஒண்ணுமில்ல சாமி. எழுது சாமி." ஜெபராஜ் இரண்டாவது முறை கேட்கவில்லை. அவ்வளவு நல்ல குரல்.

தேர்வு நாள் காலையில் அதே பள்ளியின் வாசலில் மகுடேஸ்வரி என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு எனக்கு அங்கேதான் அறைப் பணி.

"ஏனுங்க டீச்சர், விடிய வரைக்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் இழுப்பு இருந்துச்சுங்க. இப்ப ஒண்ணுமில்லீங்க. பையில மூச்சு மருந்து உறிஞ்சற பம்ப் வெச்சுட்டிருக்கறா."

"பையை உள்ள விட மாட்டாங்களே. தாழ்வாரத்துலதான் வெக்கணும்."

"இருக்கட்டுங்க. வேணும்னா உங்ககிட்ட கேப்பா." மகளின் தலையைத் தடவி, காதுக்குப் பின்னால் பட்டையை ஒரு தடவை அழுத்திவிட்டாள். "நான்தான் கூடவே இருக்கறேன்ல? பயப்படாம எழுது."

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள். தன்ஷிகா என்னைப் பார்த்து, பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள்.

தேர்வு தொடங்கியது. என் மேசையில் ஒரு டேப், கைக்கணினி. அதில் பெஞ்சுக்குப் பெஞ்சு சின்னச் சின்னக் கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு பிள்ளை. பயந்தால் மஞ்சள், மிரண்டால் சிவப்பு, மற்றபடி பச்சை. வினாத்தாளைக் கையில் வாங்கியதும் எல்லாக் கட்டங்களும் மஞ்சளாயின. அப்புறம் வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை பச்சை பரவியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளைகூட அழவில்லை. பேனா ஓடும் சத்தம், மின்விசிறிச் சத்தம், இவை தவிர வேறு சத்தம் இல்லை.

இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் கேட்டது. மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம், வந்தது, நின்றது, வந்தது. ஜன்னல் கதவு என்று நினைத்து அதைச் சாத்தினேன். சத்தம் நிற்கவில்லை. ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். சத்தம் அவளிடமிருந்து வந்தது.

குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. ஆனால் முகத்தில் கோணல் இல்லை, கையில் நடுக்கம் இல்லை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"என்னம்மா?"

"ஒண்ணு... மில்ல மிஸ்." தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டே சொன்னாள்.

டேப்பைப் பார்த்தேன். அவள் கட்டம் பச்சை. அந்த அறையிலேயே அவள் கட்டம்தான் அசையாத பச்சை.

அழைப்பு மணியை அழுத்தினேன். ஜெபராஜும், அந்த மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் சென்னியப்பன் சாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"பொண்ணுக்கு இழுப்பு வந்திருக்குங்க. தாழ்வாரத்துல அவ பையில பம்ப் இருக்கு, சீக்கிரம் கொண்டாரச் சொல்லுங்க. ஆம்புலன்சுக்கும் சொல்லுங்க."

ஜெபராஜ் டேப்பை எட்டிப் பார்த்தார். "பச்சை காட்டுதே மேடம்."

"டேப்பு பச்சையா இருக்குங்க. பொண்ணு உதட்டைப் பாருங்க, என்ன கலர்ல இருக்குன்னு."

சென்னியப்பன் சார் நல்ல மனிதர், ஆனால் விதிமுறையை மனப்பாடம் செய்து வைத்திருப்பவர். ஆம்புலன்சுக்குப் பேசினார். ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டும் என்றார்கள். பம்ப் வந்தது. நான் தன்ஷிகாவின் பக்கத்தில் மண்டியிட்டு அதை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் என் கையை மெதுவாக ஒதுக்கினாள். கோபமாக இல்லை, ஈயை ஓட்டுகிற மாதிரி.

"எனக்கு... எதுக்கு மிஸ்? நல்லாத்தான்... இருக்கறேன்."

"உனக்கு மூச்சு வரல கண்ணு. ரெண்டு தடவை உறிஞ்சிட்டு எழுது."

"அம்மா... சொல்லுது மிஸ்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்லை... யாமா."

மறுபடி எழுத ஆரம்பித்தாள். பம்பை வாயில் திணித்து அழுத்தியும் பார்த்தேன். உறிஞ்ச வேண்டுமே? அவள் உறிஞ்சவில்லை. மருந்து உதட்டோரம் புகையாக வந்து போனது. தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கிற பிள்ளை கையைக் காலை உதைக்காமல் சிரித்துக்கொண்டே கீழே போனால் எப்படித் தூக்குவது?

எழுந்து ஜெபராஜிடம் போனேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"சார், ஒண்ணு கேக்கறேன். பச்சைன்னா பிள்ளை அமைதியா இருக்குன்னு அர்த்தமா, இல்ல நாம அமைதியாக்கிக்கிட்டே இருக்கறோம்னு அர்த்தமா?"

அவர் தன் கருவியை எடுத்து எதையோ தட்டினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"மத்த பிள்ளைங்களுக்கு அங்கங்க விட்டு விட்டுத்தான் குரல் போயிருக்கு" என்றார். "இவளுக்கு..."

"சொல்லுங்க."

"ஆரம்பிச்சதுல இருந்து நிக்கவே இல்ல மேடம். மூச்சு வாங்கறதைப் பயம்னு எடுத்துக்கிச்சு. நரம்புத் தட்டும் உச்சத்துல இருக்கு, அதான் பச்சை காட்டுது."

"இங்கிருந்தே நிறுத்துங்க."

"முடியாது. யாரும் வெளிய இருந்து கை வெக்கக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கோம். கழட்டினாத்தான் நிக்கும்."

"கழட்டினா பேப்பர் ரத்துங்க டீச்சர்" என்றார் சென்னியப்பன் சார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "அடுத்த வருசம் இந்தப் பிள்ளைக்கு வயசு தாண்டிரும். அவங்கம்மாகிட்ட யாரு பதில் சொல்றது? ஆம்புலன்ஸ் வரட்டும். வந்தவங்க கழட்டட்டும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. மகுடேஸ்வரியின் சேலையில் இருந்த நூல் பிசிறெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. என் கை தப்புக் கணக்குப் போட்டால், அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க அதே கம்பெனித் தூசியில்தான் மூச்சு விட வேண்டும். சும்மா நின்றால், மூச்சு விடுவதற்கே இருப்பாளோ மாட்டாளோ. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன். கேட்கவில்லை.

ஜன்னல் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த விசில் சத்தமும் நின்றிருந்தது.

நான் ஓடினேன். தன்ஷிகாவின் பேனா நகர்ந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் தாளில் எழுத்து விழவில்லை, கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பட்டையைப் பிய்த்து எறிந்தேன். பிள்ளை துள்ளி விழுந்தாள். அதுவரை வராத பயமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து அவள் மேல் ஏறியது. அப்படி விரிந்த கண்ணை நான் பார்த்ததே இல்லை. வாயைப் பிளந்தாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். என் கையில் இருந்த பம்பைப் பிடுங்கி வாயில் வைத்து, இழு இழு என்று இழுத்தாள். அவள் இன்னொரு கையின் நகம் என் மணிக்கட்டில் ரத்தம் வரும்வரை பதிந்தது. எனக்கு வலிக்கவில்லை. அழுகைதான் வந்தது. அழு கண்ணு, நல்லா பயப்படு, என்று என்னென்னவோ உளறினேன்.

மற்ற பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். டேப்பில் எல்லாக் கட்டங்களும் ஒரு விநாடி மஞ்சளாகி, மறுபடி பச்சையாயின. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள். தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே போகும்போது ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனைக்கு மகுடேஸ்வரி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். மகள் பிழைத்துக்கொண்டாள் என்று டாக்டர் சொல்லும்வரை வார்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்ன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க டீச்சர் கழட்டுனீங்க? பச்சைதான் காட்டுச்சாமா? எல்லாரும் சொல்றாங்க. கழட்டுன பொறகுதான் பிள்ளை அலறுனாளாமா? எம் பொண்ணு படிப்பே போச்சுங்களே!"

நான் நடந்ததைச் சொன்னேன். பம்பைத் தள்ளிவிட்டதைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பம்பு வேண்டாம்னாளா?"

"ஆமாங்க."

"அம்மா சொல்லுதுன்னா சொன்னா?"

எனக்கு நீளமான வாய் என்கிறார்கள், அன்றைக்கு அது எந்த உதவிக்கும் வரவில்லை.

"அப்படீன்னா அது என் குரலுங்களா டீச்சர்?" என்றாள். "பிள்ளை சாகக் கெடந்தப்ப ஒண்ணுமில்ல, எழுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தது நானுங்களா?"

இல்லை என்றேன். அது இயந்திரம் என்றேன். அவள் நம்பவில்லை. நான் சொன்னதை நானே நம்பவில்லை.

விசாரணை நடந்தது. பட்டையின் பதிவைத் திரையில் போட்டார்கள். ஆரம்பத்திலிருந்து நேர்கோடாகப் பச்சை. நான் கை வைத்த இடத்தில், பட்டை முழுசாகக் கழலுவதற்குள் பதிந்த, மலை மாதிரி ஒரு சிவப்பு. கண்காணிப்பாளர் பதற்றப்பட்டுப் பட்டையை அகற்றியதால் மாணவிக்குக் கடும் அச்சம் ஏற்பட்டது என்று எழுதி எனக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். தன்ஷிகாவின் தாள் ரத்தானது. மூச்சைப் பயம் என்று எடுத்துக்கொண்ட தவறைத் திருத்திவிட்டதாக ஒரு வரி இருந்தது, அதோடு சரி.

"குரல் நிக்காம ஓடினதை நான் சொன்னேன் மேடம்" என்றார் ஜெபராஜ், கண்ணைப் பார்க்காமல். "மூச்சுக் கோளாறுக்கு மட்டும் சரிபண்ணிட்டோம்."

"நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் குடல் வால் வெடிக்கும். அதுக்கு?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அடுத்த தேர்வுக்கு முன்னால் புதிய ஆணை வந்தது. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதற்றப்படுவது கண்காணிப்பாளர்கள்தான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். இனிமேல் எங்களுக்கும் பட்டை. மறுபடி அதே கணினி அறை, அதே மைக், அதே ஜெபராஜ்.

"உங்களை அமைதியாக்கற குரல் யாருதோ அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆசிரியைகள் அம்மாவை, அக்காவை, பேறுகாலம் பார்த்த நர்சைக்கூடக் கூட்டி வந்தார்கள். கட்டின புருஷனை ஒருத்தியும் கூட்டி வரவில்லை. நான் தன்ஷிகாவைக் கூட்டிப் போனேன். அவள் இப்போது என் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். விழுந்த பல் முளைத்துவிட்டது.

"என்ன மிஸ் சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல மிஸ்னு சொல்லு."

"அவ்வளவுதானா?" மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கம்மா இப்ப அந்த வார்த்தையே சொல்றதில்ல மிஸ். அன்னைக்குச் சைக்கிள்ல இருந்து உளுந்தேன். வாயைத் தொறந்துச்சு, அப்பறம் மூடிக்கிச்சு. எங்க வலிக்குதுன்னு கேட்டுச்சு. ஒவ்வொரு எடமா தொட்டுத் தொட்டுக் கேக்குது, தொல்லை."

"சரி, நீ சொல்லு. அன்னைக்குச் சொன்ன மாதிரியே. தலை நிமிராம, எழுதிக்கிட்டே சொல்லணும்."

ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தேன். அவள் குனிந்து ஏதோ பூ வரைந்துகொண்டே சொன்னாள். "ஒண்ணுமில்ல மிஸ்."

என் கையில் மயிர் கூச்செறிந்தது. ஜெபராஜ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பட்டையில் எந்தக் குரலைப் போட்டால் மூளை நம்பும், எதைப் போட்டால் நம்பாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"இந்தக் குரல் உங்களை அமைதியாக்குமா மேடம்?" என்று கேட்டார்.

"ஆக்குமுங்க."

பிறகு, பதிந்ததை அழிக்காமல், என் பெயரைப் போட்டுச் சேமித்தார்.

தேர்வு நாள். அறை முழுக்கப் பச்சை. என் காதுக்குப் பின்னாலும் ஒரு பட்டை. மூன்றாவது வரிசையில் ஒரு பையன் இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தான். அவன் கட்டமும் பச்சைதான். என் நெஞ்சு படபடத்தது. உடனே நரம்பு மெல்லத் துடித்தது, உடம்பு இளகிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தே இருக்கலாம் என்று தோன்றியது.

"ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள் தன்ஷிகா என் காதுக்குள்.

நான் எழுந்தேன். என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பையன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"எங்க வலிக்குது கண்ணு?" என்று கேட்டேன்.